85 லட்சம் ஓட்டு, ரெண்டு கணக்கு

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்ததைக் குறைத்து, கொஞ்சம் ஒழுங்குபடுத்தியிருக்கிறோம்.)

என் போன்ல ஒரு வாட்ஸப் குரூப் இருக்கு. காலேஜ் ஹாஸ்டல்ல ஒரே மாடியில இருந்த ஒன்பது பேர். மெஸ் சாம்பாரைத் திட்டுறதுக்காக ஆரம்பிச்ச குரூப். வேலை, கல்யாணம், ஆன்சைட்னு ஆளுக்கு ஒரு ஊருக்குப் போன பிறகும் அது செத்துப் போகல. அரசியல்ல ஒன்பது பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே பக்கம், இடதுசாரிச் சாய்வு. கட்சிக்காரங்க யாரும் இல்ல. வெறும் ஓட்டு போடுறவங்க.

ஒரு தேர்தல்ல நாங்க எல்லாரும் ஜெயிக்கணும்னு நினைச்ச பக்கம் தோத்துப் போச்சு. எந்தத் தேர்தல்னு சொல்லப் போறதில்ல. சொன்னா இந்த எபிசோட் முடியறதுக்குள்ள வேற எபிசோடா மாறிடும். ரிசல்ட் வந்த ராத்திரி பதினோரு மணிக்கு ஒருத்தன் எழுதினான்: "இதைத்தான்டா அப்பவே சொன்னேன்." அந்த ஒரு வரி போதும். காலையில எழுந்து பார்த்தா முந்நூறு மெசேஜ். அதுல ஜெயிச்ச கட்சியைப் பத்தி ஒண்ணோ ரெண்டோதான் இருந்துச்சு. மீதி எல்லாம் எங்களைப் பத்தி நாங்களே எழுதினது. மூணு வருஷம் என் ரூம்மேட்டா இருந்தவன், "உன்னை மாதிரி ஆளுங்களாலதான் தோத்தோம்"னு எழுதினான். நான் அதைவிட மோசமா ஒண்ணு எழுதினேன். அடுத்த நிமிஷம் அவன் குரூப்ல இருந்து வெளியேறிட்டான்.

ஆபீஸ்ல நாங்க ஒரு மீட்டிங் நடத்துவோம். ராத்திரி சர்வர் விழுந்து, ஆப் ரெண்டு மணி நேரம் படுத்துடுச்சுன்னு வைங்க. ரெண்டு நாள் கழிச்சு எல்லாரும் உட்கார்ந்து பேசுவோம். போஸ்ட்மார்ட்டம்னு பேரு. அதுக்கு ஒரு விதி உண்டு: "யார் பண்ணினா?"ன்னு கேட்கக் கூடாது, "என்ன நடந்துச்சு?"ன்னுதான் கேட்கணும். நல்ல விதி. ஆனா நடக்கிறது வேற. டேட்டாபேஸ் டீம் நெட்வொர்க்கைக் காட்டும். நெட்வொர்க் டீம் கோடைக் காட்டும். ஒவ்வொருத்தரும் போன மாசம் எதைப் பத்திப் புலம்பினாங்களோ, அதேதான் இந்த விபத்துக்கும் காரணம்னு நிரூபிப்பாங்க. அந்த ரெண்டு மணி நேரம் ஆப் வேலை செய்யாம தவிச்ச கஸ்டமர் அந்த ரூம்ல இருக்க மாட்டார்.

தேர்தல்ல தோத்த ஒரு கூட்டம் இப்படி ஒரு போஸ்ட்மார்ட்டம் நடத்தினா என்ன ஆகும்? பிரிட்டன்ல நடந்திருக்கு. நாலு வருஷம் நடத்தினாங்க. முடிவுல முன்னைவிடப் பல மடங்கு மோசமா தோத்தாங்க. இன்னைக்கு அந்தக் கதைதான்.

ஒரு ஓட்டில் விழுந்த அரசு

1979 மார்ச் 28. லண்டன் நாடாளுமன்றத்தில் பிரதமர் ஜேம்ஸ் காலகனின் லேபர் கட்சி அரசு மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம். ஆதரவாக 311 ஓட்டு, எதிராக 310. ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் அரசு விழுந்தது. ஆல்ஃபிரட் பிராட்டன் என்ற லேபர் எம்.பி. அன்றைக்கு உயிருக்குப் போராடிக்கொண்டிருந்ததால் ஓட்டுப் போட வர முடியவில்லை. சில நாட்களில் அவர் இறந்தும் போனார். நம்ம ஊர்ல 1999 ஏப்ரல்ல வாஜ்பாய் அரசு ஒரு ஓட்டுல விழுந்ததைக் கேள்விப்பட்டிருப்பீங்க. அதே மாதிரி ஒரு ராத்திரி.

லேபர் கட்சி பற்றி ரெண்டு வரி சொல்லிடறேன். 1900ல் தொழிற்சங்கங்களும் சோஷலிஸ்ட் அமைப்புகளும் சேர்ந்து உருவாக்கியது. 1945ல் பெரிய வெற்றி பெற்று, 1948ல் எல்லாருக்கும் இலவச மருத்துவம் தரும் என்.எச்.எஸ்.ஸைக் கொண்டு வந்தது. சுரங்கம், துறைமுகம், மில் இருக்கிற ஊர்களில் லேபருக்கு ஓட்டுப் போடுவது கிட்டத்தட்டக் குடும்பப் பழக்கம். தாத்தா போட்டார், அப்பா போட்டார், நானும் போடுகிறேன் என்கிற கதை.

அந்தக் கட்சியின் அரசு 1976ல் பணத் தட்டுப்பாட்டில் சிக்கி, ஐ.எம்.எஃப்.பிடம் கடன் வாங்கி, செலவுகளை வெட்டியது. விலைவாசியைக் கட்டுப்படுத்தச் சம்பள உயர்வுக்கு 5 சதவீத வரம்பு வைத்தது. சங்கங்கள் பொங்கி எழுந்தன. 1978-79 குளிர்காலம் முழுக்க வேலைநிறுத்தம். லண்டன் லெஸ்டர் சதுக்கத்தில் குப்பை மலையாகக் குவிந்தது. லிவர்பூலில் கல்லறைத் தொழிலாளர்களும் நிறுத்தத்தில் இறங்கியதால் பிணங்களைப் புதைக்க ஆளில்லை.

மே 3ஆம் தேதி தேர்தல். மார்கரெட் தாட்சரின் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 339 இடம், லேபருக்கு 269. இங்கே ஒரு விஷயத்தைக் கவனிங்க. லேபருக்கு விழுந்த ஓட்டு குறையவே இல்லை. 1974 அக்டோபர் தேர்தலைவிட முக்கால் லட்சம் ஓட்டு கூடத்தான் வாங்கியிருந்தார்கள், சுமார் 1 கோடியே 15 லட்சம். ஆனால் எதிர்ப்பக்கம் 32 லட்சம் ஓட்டு புதிதாகச் சேர்ந்திருந்தது. அந்த 32 லட்சம் பேர் யார், ஏன் அந்தப் பக்கம் போனார்கள்? போஸ்ட்மார்ட்டத்தின் முதல் கேள்வி இதுவாக இருந்திருக்கணும்.

அப்படி நடக்கல. ரெண்டு ரிப்போர்ட் தயாரானது. இடதுசாரிப் பிரிவின் ரிப்போர்ட்: நம்ம அரசு நம்ம கொள்கையைக் காட்டிக்கொடுத்தது, ஐ.எம்.எஃப். பேச்சைக் கேட்டு ஏழைகளுக்கான செலவை வெட்டியது, அதனால் தோற்றோம். வலதுசாரிப் பிரிவின் ரிப்போர்ட்: சங்கங்கள் அளவு மீறி ஆடின, மக்கள் பயந்து போனார்கள், அதனால் தோற்றோம். ரெண்டிலும் உண்மை இருந்தது. சிக்கல் என்னன்னா, ரெண்டு ரிப்போர்ட்டும் தேர்தலுக்கு முன்னாடியே எழுதி முடிச்சது.

0.85 சதவீதம்

அடுத்த ரெண்டு வருஷம் கட்சிக்குள் ஒரே சண்டை. மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது அதில் பெரிய விஷயமே இல்லை. தலைவரை யார் தேர்ந்தெடுப்பது, எம்.பி.க்களுக்கு மறுபடி சீட்டு தரலாமா என்பதை யார் முடிவு செய்வது, இதுதான் சண்டை. இடதுசாரிகளுக்கு இதில் ஒரு நியாயம் இருந்தது. அவர்களுடைய வாதம் இப்படி: கட்சி மாநாட்டில் நாங்கள் தீர்மானம் போடுகிறோம், ஆட்சிக்கு வந்ததும் தலைவர்கள் அதைக் குப்பையில் போடுகிறார்கள், ஆகவே தலைவர்கள் மீது தொண்டர்களுக்குப் பிடிமானம் வேண்டும். ஜனநாயகக் கோரிக்கைதானே?

1980 நவம்பரில் புதிய தலைவர் தேர்தல். மைக்கேல் ஃபூட் 139, டெனிஸ் ஹீலி 129. ஃபூட் இடதுசாரி, எழுத்தாளர், எல்லாரையும் சேர்த்து வைப்பார் என்று நம்பித்தான் பலரும் அவருக்கு ஓட்டுப் போட்டார்கள். 1981 ஜனவரி 24ல் வெம்ப்ளியில் சிறப்பு மாநாடு கூடியது. அதுவரை எம்.பி.க்கள் மட்டும் தேர்ந்தெடுத்த தலைவரை, இனி சங்கங்கள் 40 சதவீதம், எம்.பி.க்கள் 30, தொகுதிக் கிளைகள் 30 என்ற கணக்கில் தேர்ந்தெடுக்கலாம் என்று முடிவானது. மறுநாளே முன்னாள் அமைச்சர்கள் நாலு பேர், ராய் ஜென்கின்ஸ், டேவிட் ஓவன், ஷெர்லி வில்லியம்ஸ், வில்லியம் ராஜர்ஸ், கிழக்கு லண்டன் லைம்ஹவுஸில் ஓவன் வீட்டில் கூடி ஓர் அறிக்கை விட்டார்கள். மார்ச் மாதம் எஸ்.டி.பி. என்ற தனிக் கட்சியே பிறந்தது. லேபர் எம்.பி.க்கள் 28 பேர் கடைசியில் அந்தப் பக்கம் போனார்கள்.

சரி, ஒரு கூட்டம் போய்விட்டது, இருப்பவர்களாவது ஒற்றுமையாக இருந்தார்களா? இல்லை. துணைத் தலைவர் பதவிக்கு ஹீலியை எதிர்த்து டோனி பென் நின்றார். பென் அன்றைய இடதுசாரித் தொண்டர்களின் நாயகன். நிற்க வேண்டாம் என்று ஃபூட் கேட்டுப் பார்த்தார். பென் கேட்கவில்லை. கொள்கைக்கான போட்டியை ஏன் தவிர்க்க வேண்டும் என்பது அவர் வாதம். ஆறு மாதம் நாடு முழுக்கப் பிரச்சாரம். சங்கம், கிளை, நண்பர் கூட்டம் என்று ஒவ்வொரு இடமும் இரண்டாகப் பிளந்தது. செப்டம்பர் 27, பிரைட்டன் மாநாட்டில் முடிவு வந்தது. ஹீலி 50.426, பென் 49.574. வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லை, 0.85.

துணைத் தலைவர் பதவிக்குப் பெரிய அதிகாரம் எதுவும் கிடையாது. அதற்குத்தான் இத்தனை ரத்தம்.

இப்போ நீங்க ஒரு சாதாரண லேபர் ஓட்டர்னு நினைச்சுக்குங்க. எந்தக் கோஷ்டியும் இல்ல. தாட்சர் ஆட்சியில வேலையில்லாதவங்க எண்ணிக்கை ஏறிக்கிட்டே போய், 1982 தொடக்கத்துல 30 லட்சத்தைத் தாண்டுது. உங்க மில் மூடியாச்சு. சாயங்காலம் டிவியைப் போட்டா உங்க கட்சிக்காரங்க சதவீதத்துக்கு மூணு தசம இடம் போட்டுச் சண்டை போட்டுக்கிட்டிருக்காங்க. 1981 டிசம்பர்ல ஒரு கேலப் கருத்துக் கணிப்புல எஸ்.டி.பி.-லிபரல் கூட்டணி 50 சதவீதத்தைத் தொட்டதுன்னா, அதுக்குக் காரணம் அந்த சாயங்காலங்களும்தான்.

பெர்மன்ட்சி

இந்தக் கதையில எனக்கு ரொம்ப வலிச்ச இடம் பெர்மன்ட்சி. தெற்கு லண்டனில் தேம்ஸ் கரையில் இருக்கிற பழைய துறைமுகப் பகுதி. கப்பல் துறைகள் மூடி, வேலை போன ஊர். பல பத்தாண்டுகளாக லேபர் கோட்டை. 1979ல்கூட 63.6 சதவீத ஓட்டு அங்கே லேபருக்கு.

1981 இறுதியில் அந்தத் தொகுதியின் கிளை, பீட்டர் டாட்செல் என்ற இளைஞரை அடுத்த வேட்பாளராகத் தேர்ந்தெடுத்தது. அவருக்கு இருபத்தொன்பது வயது. நாடாளுமன்றத்துக்கு வெளியேயும் போராட்டம் வேண்டும் என்று ஒரு கட்டுரை எழுதியிருந்தார். அதை எஸ்.டி.பி. எம்.பி. ஒருவர் நாடாளுமன்றத்தில் கிளப்பினார். உடனே ஃபூட் எழுந்து, அவர் வேட்பாளராக ஏற்கப்பட மாட்டார் என்று சபையிலேயே அறிவித்துவிட்டார். தன் கட்சியின் ஒரு கிளை எடுத்த முடிவை, எதிரிகள் முன்னாலேயே தலைவர் உதறினார். ஒரு வருஷம் கழித்து அதே டாட்செலைக் கட்சி வேட்பாளராக ஏற்கவும் வேண்டி வந்தது. பழைய லேபர் எம்.பி. பாப் மெல்லிஷ் பதவி விலக, 1983 பிப்ரவரியில் இடைத்தேர்தல். "உண்மையான பெர்மன்ட்சி லேபர்" என்ற பெயரில் இன்னொரு பழைய லேபர்காரர் போட்டியாக நின்றார். மெல்லிஷ் ஆதரித்தது அவரைத்தான்.

அந்தப் பிரச்சாரத்தில் டாட்செலின் கொள்கையைப் பற்றி யாரும் பேசவில்லை. அவர் தன்பாலீர்ப்பாளர் என்பதைத்தான் தோண்டினார்கள். பத்திரிகைகளும் தோண்டின, எதிரணியினரும் தோண்டினார்கள், நேற்று வரை ஒரே கட்சியில் இருந்தவர்கள் சிலரும் தோண்டினார்கள். அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. பிப்ரவரி 24 முடிவு: லிபரல் கட்சியின் சைமன் ஹியூஸ் 57.7 சதவீதம், டாட்செல் 26.1. அந்தப் பிரச்சாரத்துக்காக ஹியூஸ் பல வருஷம் கழித்து மன்னிப்பு கேட்டார். ஆனால் தொகுதி 2015 வரை அவரிடம்தான் இருந்தது. 32 வருஷம்.

முதல்ல கருத்து வேறுபாடு. அப்புறம் அது "நீ நம்ம ஆளா இல்லையா"ன்னு கேட்கிற பரீட்சை ஆகுது. கடைசியில ஒரு மனுஷனோட உடம்பு வரைக்கும் போகுது. முந்நூறு மெசேஜ்ல நான் ரூம்மேட்டுக்கு எழுதினதும் அவன் அரசியலைப் பத்தி இல்ல. அவன் குடும்பத்தைப் பத்தி. அதை இங்க சொல்ல எனக்கு இன்னும் வெக்கமா இருக்கு.

ஒரே எண்

1983 ஜூன் 9, பொதுத் தேர்தல். இதற்கிடையில் 1982ல் ஃபாக்லாந்துப் போரில் தாட்சர் ஜெயித்திருந்தார், அதுவும் அவருக்குக் கை கொடுத்தது. லேபரின் தேர்தல் அறிக்கையில் இல்லாதது இல்லை. தன்னிச்சையான அணு ஆயுதக் கைவிடல், ஐரோப்பியப் பொதுச் சந்தையிலிருந்து வெளியேற்றம், தேசியமயம், எல்லாம் உண்டு. அந்தக் கட்சியின் ஜெரால்ட் காஃப்மனே அதை வரலாற்றின் மிக நீளமான தற்கொலைக் கடிதம் என்று கிண்டலடித்தார்.

இப்போ எண்களைப் பாருங்க. தாட்சர் கட்சியின் ஓட்டு 1 கோடியே 37 லட்சத்திலிருந்து 1 கோடியே 30 லட்சமாகக் குறைந்தது. ஆமா, குறைந்தது. ஆனால் இடங்கள் 339லிருந்து 397 ஆக ஏறின. லேபர் 30 லட்சம் ஓட்டு இழந்து சுமார் 85 லட்சத்துக்கு வந்தது. 27.6 சதவீதம், 209 இடம். எஸ்.டி.பி.-லிபரல் கூட்டணிக்கு 25.4 சதவீதம், ஆனால் வெறும் 23 இடம். நம்ம நாட்டுல இருக்கிற அதே முறை. தொகுதியில அதிகம் வாங்கினவருக்கே சீட்டு, ரெண்டாவதா வந்தவருக்கு ஒண்ணும் கிடையாது. எதிர்ப்பு ஓட்டு ரெண்டாப் பிரிஞ்சா என்ன ஆகும்னு நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்ல.

டோனி பென் தன் பிரிஸ்டல் தொகுதியிலேயே தோற்றுப்போனார். சில நாள் கழித்துச் செய்தித்தாளில் ஒரு கட்டுரை எழுதினார். அதன் சாரம்: வெளிப்படையான சோஷலிசத் திட்டத்தோடு நின்ற ஒரு கட்சிக்கு 85 லட்சம் பேர் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள், இது ஓர் அடித்தளம், இதிலிருந்து மேலே கட்டலாம்.

இந்த வாதத்துக்கு ஒரு மார்க்சிஸ்ட் பதில் சொன்னார். வரலாற்றாசிரியர் எரிக் ஹாப்ஸ்பாம். கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர், வலதுசாரி என்று யாரும் முத்திரை குத்த முடியாதவர். 1979 தோல்விக்கு முன்பே, 1978லேயே, தொழிலாளர் இயக்கத்தின் முன்னேற்றம் நின்றுபோய்விட்டதா என்று ஓர் உரையில் கேட்டிருந்தவர். 1983 அக்டோபரில் "மார்க்சிசம் டுடே" இதழில் அவர் எழுதியதன் சாரம் இது: 85 லட்சத்தைப் பார்க்காதே, போன 30 லட்சத்தைப் பார். உழைக்கிற மக்களிலேயே பெரும்பகுதி நமக்கு ஓட்டுப் போடவில்லை. அவர்கள் ஏமாந்தார்கள் என்று சொல்லி நகர்ந்துவிட முடியாது.

ஒரே எண். ஒருத்தருக்கு அது அடித்தளம், இன்னொருத்தருக்கு அது இடிபாடு. நான் ஹாப்ஸ்பாம் பக்கம்தான் சாய்கிறேன். அதற்குக் காரணம் ஒன்றுதான். பென்னின் கணக்கில் மிச்சம் இருப்பவர்கள் மட்டும் இருக்கிறார்கள். ஹாப்ஸ்பாமின் கணக்கில் போனவர்களும் இருக்கிறார்கள். கஸ்டமரை மீட்டிங் ரூமுக்குள்ள கூட்டிட்டு வந்தவர் அவர்.

சுரங்கத்துக்கு வந்த வேன்

இதோடு முடித்தால் "சண்டை போடாதீங்க"ன்னு சொல்ற கதை ஆயிடும். அது என் கருத்து இல்ல. சண்டையை வேற மாதிரி கையாண்ட ஆட்களும் அதே நேரத்துல அதே நாட்டுல இருந்தாங்க.

1984 மார்ச்சில் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியது. நாடு தழுவிய வாக்கெடுப்பு நடத்தாமல் நிறுத்தம் சரியா என்பதிலேயே இடதுசாரிகளுக்குள் பெரிய பிளவு. நாட்டிங்ஹாம்ஷயர் சுரங்கங்களில் பெரும்பாலானவர்கள் வேலைக்குப் போனார்கள். அந்த ஜூனில் லண்டனில் நடந்த தன்பாலீர்ப்பாளர் பெருமைப் பேரணியில், மார்க் ஆஷ்டன், மைக் ஜாக்சன் என்ற இரண்டு இளைஞர்கள் வாளியை ஏந்திச் சுரங்கத் தொழிலாளருக்காகக் காசு வசூலித்தார்கள். அதிலிருந்து ஒரு ஆதரவுக் குழு பிறந்தது. தெற்கு வேல்ஸில் டுலைஸ் பள்ளத்தாக்கு என்ற சுரங்கப் பகுதிக்கு அவர்கள் பணம் அனுப்பினார்கள், ஒரு வேனும் வாங்கிக் கொடுத்தார்கள், நேரில் போய்த் தங்கினார்கள். டிசம்பரில் லண்டன் கேம்டனில் ப்ரான்ஸ்கி பீட் இசைக்குழுவை வைத்து நிதி திரட்டும் கச்சேரி நடத்தினார்கள். 2014ல் வந்த "பிரைட்" படம் இவர்களைப் பற்றியதுதான்.

பெர்மன்ட்சி நடந்து ரெண்டு வருஷம்கூட ஆகவில்லை என்பதை ஞாபகத்தில் வைங்க. சுரங்க ஊர்க்காரர்கள் எல்லாரும் அன்றைக்கே மனம் மாறினார்கள் என்று நான் நினைக்கவில்லை. லண்டன் இளைஞர்களுக்கும் சுரங்கச் சங்கத் தலைமையின் எல்லா முடிவும் பிடித்திருக்காது. அந்த வேறுபாடுகளை முதலில் தீர்த்துவிட்டுச் சேருவோம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. அடுப்பு எரிய வேண்டிய வீடுகள் இருந்தன, வேன் ஓட வேண்டியிருந்தது. ஒருவர் சமையலறையில் ஒருவர் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அதற்குப் பிறகு எதிரில் இருப்பவரை வெறும் ஒரு "நிலைப்பாடு" என்று பார்ப்பது கஷ்டம்.

வேலைநிறுத்தம் 1985 மார்ச்சில் தோல்வியில்தான் முடிந்தது. ஆனால் அந்த ஜூனில் லண்டன் பேரணியின் முன்வரிசையில் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர்கள் குடும்பத்தோடு, தங்கள் சங்கக் கொடிகளோடு நடந்தார்கள். அந்த வருட லேபர் மாநாட்டில் தன்பாலீர்ப்பாளர் உரிமைக்கான தீர்மானம் நிறைவேறியது. அதற்கு ஆதரவாக நின்ற சங்கங்களில் சுரங்கத் தொழிலாளர் சங்கமும் ஒன்று.

ஆனால் தீர்மானம் சட்டம் ஆகாது. 1988ல் தாட்சர் அரசு, பள்ளிகளிலும் உள்ளாட்சிகளிலும் தன்பாலீர்ப்பை "ஊக்குவிக்க"க் கூடாது என்று 28ஆம் பிரிவைக் கொண்டு வந்தது. லேபரால் எதிர்த்துப் பேசத்தான் முடிந்தது. 1987ல் தோல்வி, 1992ல் தோல்வி. 1979ல் போன ஆட்சி திரும்பி வர 1997 ஆனது. 18 வருஷம். 43.2 சதவீத ஓட்டு, 418 இடம். அதற்குப் பிறகுதான் சம்மத வயது சமமானது, 2003ல் இங்கிலாந்தில் 28ஆம் பிரிவு நீக்கப்பட்டது. சமையலறை நட்பு இல்லாமல் அந்தத் தீர்மானம் வந்திருக்காது, ஜெயிக்காமல் அது சட்டம் ஆகியிருக்காது. கொள்கையா வெற்றியா என்று 1981ல் ரத்தம் சிந்தினார்களே, அந்தக் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இந்த ரெண்டு தேதிகள்தான், 1985ம் 2003ம்.

அதே 2003 இன்னொன்றையும் சொல்கிறது. ஜெயிப்பதற்காகக் கட்சியை மையத்துக்கு நகர்த்திய டோனி பிளேர், அந்த வருடம் நாட்டை ஈராக் போருக்குள் கொண்டு போனார். பிப்ரவரியில் லண்டனில் லட்சக்கணக்கானோர் திரண்ட பேரணியில் பேசியவர்களில் ஒருவர் எழுபத்தேழு வயது டோனி பென். 85 லட்சம் கணக்கில் அவர் தவறியிருக்கலாம். ஜெயிக்கிறதுக்காக எதையெல்லாம் விட்டுக்கொடுப்பீங்க என்ற அவருடைய கேள்வி தவறில்லை. ஹாப்ஸ்பாமும் பிற்காலத்தில் பிளேரைக் கடுமையாகவே விமர்சித்தார். யாரும் முழுசாச் சரியா இருக்கல. அதனாலதான் ரெண்டு பேரும் ஒரே வாதத்துல இருக்க வேண்டியிருந்துச்சு.

பிரிந்து போனவர்கள்? எஸ்.டி.பி. 1988ல் லிபரல்களோடு இணைந்தது. இணைய மறுத்து ஓவன் தனியாக நடத்திய மிச்சக் கட்சி, 1990 மே மாதம் பூட்டில் இடைத்தேர்தலில் 155 ஓட்டு வாங்கியது. ராட்சசப் பைத்தியக்காரக் கட்சி என்று தமிழில் சொல்லலாம், தேர்தல்களில் கோமாளித்தனத்துக்காகவே நிற்கிற ஒரு கட்சி, அது 418 வாங்கியது. அடுத்த மாதமே ஓவன் கடையைச் சாத்தினார்.

கடைசி பஸ்

இந்த எபிசோடுக்காகப் படிச்சுக்கிட்டிருந்தப்ப ஒரு விஷயம் உறைச்சுது. எங்க குரூப்போட முந்நூறு மெசேஜ்ல, அந்தத் தேர்தல்ல பக்கம் மாறி ஓட்டுப் போட்ட ஒருத்தரைக்கூட யாரும் கேட்டிருக்கல. எனக்கே ஒருத்தரைத் தெரியும். என் சித்தப்பா. நாற்பது வருஷம் ஒரே பக்கம் போட்டவர், அந்த முறை மாத்திப் போட்டார். வீட்ல எல்லாருக்கும் தெரியும். ஏன்னு நான் கேட்டதே இல்ல. ஏன்னா காரணம் எனக்கு ஏற்கெனவே தெரியும்னு நினைச்சேன்.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனப்ப கேட்டேன். "சித்தப்பா, ஏன் மாத்திப் போட்டீங்க?" அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "ரெண்டாவது ஷிஃப்ட் முடிஞ்சு வர்ற கடைசி பஸ்ஸை நிறுத்திட்டாங்கப்பா. நாலு கிலோமீட்டர் நடக்கணும். நம்ம ஆளுங்ககிட்ட மூணு தடவை சொன்னேன். ஒருத்தனும் வந்து என்னன்னு கேட்கல. அவங்க வந்து உட்கார்ந்து கேட்டாங்க. அதான்." "அவங்க பஸ் விட்டாங்களா?"ன்னு கேட்டேன். "எங்க விட்டாங்க"ன்னு சிரிச்சார்.

என் தியரியிலயும் பஸ் கிடையாது, ரூம்மேட் தியரியிலயும் பஸ் கிடையாது. ஒரு சித்தப்பாவை வெச்சு ஒரு தேர்தலை விளக்க முடியாதுன்னு எனக்கும் தெரியும். ஆனா அவர்கிட்ட கேட்காம விளக்கின விளக்கம் எப்படி இருக்கும்னும் இப்ப தெரியும்.

அன்னைக்கு ராத்திரி ரூம்மேட்டுக்கு போன் பண்ணினேன். முதல்ல அவன் குடும்பத்தைப் பத்தி எழுதினதுக்கு மன்னிப்பு கேட்டேன். அவன் ஒண்ணும் சொல்லல, ரொம்ப நேரம். அப்புறம் பஸ் கதையைச் சொன்னேன். "அப்ப நான் சொன்னதுதான்டா கரெக்ட், கீழ் மட்டத்துல வேலை நடக்கல"ன்னான். "இல்லடா, நான் சொன்னதுதான்"னேன். ஒரு மணி நேரம் ஓடிச்சு. ரெண்டு பேரும் ஒரு அங்குலம் நகரல. வெக்கும்போது, "திரும்பக் குரூப்ல சேர்த்துடவா?"ன்னு கேட்டேன்.

"குரூப் எல்லாம் வேணாம். போன் பண்ணு"ன்னான்.

அவ்வளவுதான் மக்களே. உங்க வீட்லயும் பக்கம் மாறி ஓட்டுப் போட்ட ஒருத்தர் இருப்பார். இந்த வாரம் ஒரு தடவை அவர்கிட்ட ஏன்னு கேட்டுப் பாருங்க. பதில் சொல்லாம, கேட்க மட்டும் செய்ங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.